“இப்படித்தான் இருப்பார்கள்”: எடை அட்டையின் வரலாறும் நம் பிள்ளைகளும்

ஆடலூர்ப் பக்கம் காபித் தோட்டங்களை ஒட்டிய ஒரு குடியிருப்பில், ஒரு தாய் எங்கள் கையில் கொடுத்த அட்டையிலிருந்து இதைத் தொடங்குகிறோம். தாய் சேய் நல அட்டை. ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் சேர்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தகரப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். பையனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். அட்டையில் ஆண் குழந்தைக்கான நீலப் பக்கத்தில் மாதாமாதம் எடைப் புள்ளி வைத்திருந்தார்கள். நான்காம் மாதம் வரை ஏறிய கோடு அதற்குப் பிறகு படுத்துவிட்டது. புள்ளி வைத்த கைக்கும், பார்த்துக் கையெழுத்துப் போட்ட கைக்கும் அது ஒரு கேள்வியாகப் படவில்லை.

“இந்த மாதிரிப் பிள்ளைங்க இப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. நல்லா சாப்பாடு குடுங்கன்னாங்க. நான் என்ன சோறு போடாமயா வச்சிருக்கேன், தம்பி?” என்றார் அவர்.

பக்கத்தில் நான்கு வயது மூத்த மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நோய் எதுவும் இல்லை. வயதுக்குரிய உயரம் மட்டும் இல்லை. அவளைப் பற்றியும் ஒரு பதில் இவருக்குக் கிடைத்திருந்தது: “உங்க ஆளுங்களே இந்த உயரம்தானே.”

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் ஒரே பதில். ஒருவனுக்கு அவனுடைய நோய் காரணமாகச் சொல்லப்பட்டது, இன்னொருத்திக்கு அவளுடைய சாதி. பையனுக்கு இதயத்தில் ஓட்டை இருந்தது பிறகுதான் தெரிந்தது. பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்ததும், பாதியில் களைத்து விட்டுவிட்டதும் அதனால்தான். அட்டை அதைப் பத்து மாதத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லை.

இந்த அட்டை எங்கிருந்து வந்தது, யாருடைய உடலை அளந்து இதன் கோடுகளைப் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகளின் உடலைப் பற்றி அரசு வைத்திருக்கும் முதல் ஆவணம் இதுதான்.

பிரபுவின் மகனும் ஆலைக் குழந்தைகளும்

ஒரு குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்த பழைய பதிவாக எல்லோரும் காட்டுவது பிரான்ஸ் நாட்டு மோன்பெய்யார் பிரபுவுடையது. 1759 முதல் 1777 வரை பதினெட்டு ஆண்டுகள் தன் மகனின் உயரத்தை அவர் அளந்து எழுதினார். இயற்கை வரலாற்றாளர் புஃபோன் அதைத் தன் நூலில் வெளியிட்டார். பசி அறியாத ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை எப்படி வளர்ந்தான் என்பதற்கு அது சான்று.

அளவுகோல் ஏழைகள் பக்கம் திரும்பியது அடுத்த நூற்றாண்டில்தான். 1829இல் பிரெஞ்சு மருத்துவர் வில்லெர்மே, ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட இளைஞர்களின் உயரக் கணக்கை எடுத்துப் பார்த்தார். தட்பவெப்பத்தைக் காட்டிலும் வறுமைதான் மனிதனின் உயரத்தைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கண்டது. நல்ல சோறும் நல்ல வீடும் குறைந்த உழைப்பும் கிடைத்த ஊர்களில் ஆட்கள் உயரமாக இருந்தார்கள். 1833இல் இங்கிலாந்தில் ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை ஆராய்ந்த ஆணையமும் அந்தக் குழந்தைகளின் உயரத்தை அளந்தது. அந்த ஆண்டுச் சட்டம் துணி ஆலைகளில் 9 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பிறப்புப் பதிவு இல்லாத காலம் என்பதால் பிள்ளையின் வயதை உடம்பைப் பார்த்தே மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டியிருந்தது.

ஆக, உயர அளவுக்குத் தொடக்கத்திலேயே ஓர் அரசியல் இருந்தது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளை எப்படி நடத்துகிறது என்பதற்கு எலும்பே சாட்சி சொல்லும் என்பதுதான் அது. பிறப்பால் வருவது என்று சொல்லப்பட்ட ஒன்றை, நடத்தையால் வருவது என்று வில்லெர்மே காட்டினார். சாதியை எதிர்த்து நிற்கும் நமக்கு இந்த வாதம் அந்நியமானது அல்ல.

அட்டை தாயின் கைக்கு வந்த கதை

நாம் இன்று பார்க்கும் அட்டைக்கு நேரடி முன்னோடி ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமெசி-இலே என்ற ஊரில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் டேவிட் மார்லி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு எடை அட்டை போட்டார். அதற்கு ‘ஆரோக்கியத்துக்கான பாதை’ என்று பெயர். அவர் செய்த இரண்டு மாற்றங்கள் முக்கியமானவை.

முதலாவது, அட்டையை மருத்துவமனை அலமாரியில் வைக்காமல் தாயிடம் கொடுத்தார். படிக்காத தாய் தொலைத்துவிடுவாள் என்ற பேச்சு அங்கும் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாய்மார்கள் அதைக் காப்பாற்றிக் காட்டினார்கள். ஆடலூரில் தகரப் பெட்டியிலிருந்து வெளியே வந்த உறையும் அதே வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இரண்டாவது, புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்க்கச் சொன்னார். சிறியதாகப் பிறந்த குழந்தையின் கோடு கீழேயே இருக்கலாம். அது சீராக ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. மேலே இருக்கும் கோடு திடீரெனப் படுத்தால் அதுதான் ஆபத்து. நோயோ பசியோ, எலும்பும் தோலுமாகத் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கோடு சாய்ந்துவிடும்.

இந்தியாவில் இந்த வேலை பெரிய அளவில் தொடங்கியது 1975 அக்டோபர் 2 அன்று, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது. அங்கன்வாடி என்ற சொல் நம் ஊர்களுக்கு வந்தது இதன் வழியாகத்தான். அப்போது ஒப்பிடக் கையில் இருந்தது, அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகளை அளந்து செய்த ஹார்வர்டு அளவுகோல். அதன் நடு அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் எடை இருந்தால் இயல்பு என்றும், அதற்குக் கீழே நான்கு படிகள் என்றும் 1972இல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் வகுத்திருந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அத்தியாயம் உண்டு. 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முன்னோட்டம் நடந்தது மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில். அன்றைய மதுரை மாவட்டத்தில்தான் நம் பழனி மலையும் ஆடலூரும் இருந்தன. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். ஊரிலேயே ஒரு பெண்ணை ஊட்டச்சத்துப் பணியாளராக எடுத்து, 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, கோடு சாய்ந்த பிள்ளைக்கு மட்டும் சத்துமாவு உருண்டை கொடுக்கும் திட்டம் அது. எடை கூடியதும் உருண்டை நின்றுவிடும். கடுமையான ஊட்டக்குறைவு இந்த ஊர்களில் குறைந்ததை மதிப்பீடுகள் ஒப்புக்கொண்டன. உலகம் முழுவதும் பாடமாகச் சொல்லப்பட்ட திட்டம் இது.

ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்று கண்டுபிடிக்கவும் அதே தராசு பயன்பட்டது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் வேறு திசையில் போனது. பள்ளிக்கும் குழந்தைகள் மையத்துக்கும் வந்த பிள்ளையைத் தட்டோடு உட்கார வைத்தது, நிறுத்துப் பார்த்துக் கழிக்கவில்லை. தேவையைக் காட்டினால்தான் சோறு என்பதா, பிள்ளை என்றாலே சோறு என்பதா? நாம் இரண்டாவதன் பக்கம். அதே நேரத்தில் தராசையும் விட முடியாது. சோறு கிடைத்தும் எடை ஏறாத பிள்ளையை, அதாவது உடம்புக்குள் வேறொரு நோய் இருக்கும் பிள்ளையை, தராசு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

“சிறியவர்கள், ஆனால் நலமானவர்கள்”

1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு வாதத்தை முன்வைத்தார். மிதமான ஊட்டக்குறைவால் உயரம் குறைந்தவர்கள் நோயாளிகள் அல்ல, அவர்கள் சிறியவர்கள் ஆனால் நலமானவர்கள் என்றார். குறைந்த சோற்றுக்கு உடம்பு பழகிக்கொள்கிறது என்ற கருத்தை இந்தியாவில் பி.வி. சுகாத்மேயும் பேசிவந்தார். இந்த அளவுகோலை ஏற்றால் கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒரே நாளில் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்கள், ஒரு பிடி சோறு கூடாமலேயே.

இதை முன்னின்று எதிர்த்தவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிவியலாளர் சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்தவர். சிறியதாக இருப்பது நலம் என்றால் அது ஏழைக்கு மட்டும் எப்படி நலமாகும் என்று அவர் கேட்டார். பணக்காரர் தன் பிள்ளைக்கு அந்த அளவுகோலை ஏற்பாரா? குட்டையான உடம்பு என்பது பசியோடும் நோயோடும் போராடிய பிள்ளை கொடுத்த விலை, அதைத் தகவமைப்பு என்று பெயர் மாற்றக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு.

வாதம் அதோடு முடியவில்லை. 2013இல் பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா, இந்தியக் குழந்தைகள் மரபணுவாலேயே உயரம் குறைந்தவர்கள் என்பதால் உலக அளவுகோல் இங்கே பசியை மிகைப்படுத்துகிறது என்று எழுதினார். இந்தியாவுக்குத் தனி வரைபடம் வேண்டும் என்ற குரல் இன்றும் அதிகார இடங்களிலிருந்து வருகிறது.

இதற்கான பதில் 2006இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்காக ஆறு நாடுகளில் ஆறு ஊர்களில் குழந்தைகளை அளந்தார்கள்: பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நார்வேயின் ஆஸ்லோ, ஓமனின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ், இந்தியாவின் டெல்லி. தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்க்குப் பிறந்த, வளர்ச்சியைத் தடுக்கும் வறுமை இல்லாத வீட்டுப் பிள்ளைகள். ஐந்து வயது வரை அவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். நீளத்தில் இருந்த மொத்த வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு இருந்தது சுமார் 3 விழுக்காடு. ஆளுக்கு ஆள் இருந்தது 70 விழுக்காடு. தெற்கு டெல்லியின் வசதியான வீட்டுப் பிள்ளை ஆஸ்லோ பிள்ளையோடு சேர்ந்து வளர்கிறது என்றால், அதே மண்ணில் சேரிப் பிள்ளை வளராததற்கு மரபணுவைக் கைகாட்ட முடியுமா?

முந்தைய வரைபடங்கள் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லின. 2006 வரைபடம் பிள்ளைகள் எப்படி வளர வேண்டும் என்று சொல்கிறது. முதலாவது விவரம், இரண்டாவது கோரிக்கை. அங்கன்வாடிகளுக்கு இந்தியா இந்த வரைபடத்தை 2008இல் ஏற்றுக்கொண்டது.

அந்தக் கோரிக்கையின் முன்னால் நம் பிள்ளைகளை நிறுத்திப் பார்ப்போம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 35.5 விழுக்காடு. பட்டியல் சாதியினரில் அது சுமார் 39, பழங்குடியினரில் 41, பட்டியலிலும் பிற்படுத்தப்பட்டோரிலும் வராத சாதிகளில் 30. தமிழ்நாடு நாட்டைவிட மேல்தான் என்றாலும் இங்கும் நான்கில் ஒரு பிள்ளை உயரம் குறைந்தது. 2019இல் ‘டெமோகிராஃபி’ ஆய்விதழில் டயான் கோஃபி, அஷ்வினி தேஷ்பாண்டே, ஜெஃப்ரி ஹாமர், டீன் ஸ்பியர்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரை இன்னொன்றையும் காட்டியது. தங்களுக்கு மேல் என்று சொல்லிக்கொள்ளும் சாதிகள் அதிகம் வாழும் பகுதியில் வளரும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் உயரம் குறைவாக இருக்கிறார்கள். சாதி எலும்பில் பதிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. “உங்க ஆளுங்களே இந்த உயரம்தானே” என்பவர், நம் முன்னோருக்கு நடந்ததையே நம் பிள்ளைக்கு அளவுகோலாக வைக்கிறார்.

அண்ணல் அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926இல். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1928இல், பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களின் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அவர் பேசினார். தாயின் ஓய்வும் பிள்ளையின் நலமும் அவளுடைய சொந்தப் பிரச்சினை அல்ல, வேலை வாங்குகிறவரும் அரசும் ஏற்க வேண்டிய பொறுப்பு என்ற நிலையிலிருந்து எழுந்த பேச்சு அது. எடை அட்டையையும் நாம் அந்த இடத்திலிருந்தே படிக்க வேண்டும்.

அப்படியானால் நோயுள்ள பிள்ளைக்கு?

இங்கே கவனமாக நடக்க வேண்டும். சாதிக்கும் இனத்துக்கும் தனி அளவுகோல் கூடாது என்று சொன்னோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குத் தனி வரைபடம் இருக்கிறதே, அதுவும் அநியாயமா? இல்லை. ஆனால் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் வளர்வார்கள். பொது வரைபடத்தில் அவர்களுடைய புள்ளி பெரும்பாலும் கீழேயே இருக்கும். ‘எப்போதும் கீழே’ என்ற நிலையில் உண்மையான சரிவு கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால்தான் அமெரிக்காவில் 1988இல் அவர்களுக்கென்றே வரைபடம் செய்தார்கள். அந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டும் ஒரு பிள்ளை பின்தங்கினால் காரணத்தை டவுன் சிண்ட்ரோம் தலையில் போட முடியாது. வேறு ஏதோ இருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு உண்டு. தைராய்டு குறைவும் அடிக்கடி வரும். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. தனி வரைபடம் வந்தது அதைத் தேடச் சொல்வதற்காகத்தான். “இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்புவதற்காக அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2015இல் அதே நாட்டில் புதிய டவுன் சிண்ட்ரோம் வரைபடம் வந்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் எடை 1988 அளவைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. இடையில் அவர்களுடைய குரோமோசோம் மாறிவிடவில்லை. அவர்களுக்குக் கிடைத்த கவனிப்புதான் மாறியிருந்தது. இயற்கை என்று வரைந்து வைத்த கோட்டுக்குள்ளும் கவனிப்பின் குறைவு ஒளிந்திருந்தது என்பதே இதன் பொருள்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் வரைபடம் இந்த எச்சரிக்கையை வெளிப்படையாகவே சொல்கிறது. கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கானவர்களின் பதிவிலிருந்து 2011இல் வெளியிட்ட அந்த வரைபடத்தில், எந்த எடைக்குக் கீழே போனால் இறப்பு அபாயம் கூடுகிறது என்பதையும் சேர்த்துக் குறித்தார்கள். விழுங்க முடியாமல், ஊட்ட நேரமில்லாமல் மெலிந்த பிள்ளைகளும் அந்தப் பதிவில் இருந்தார்கள். எனவே ‘இவர்களுக்கு வழக்கமான எடை’ என்பது ‘நலமான எடை’ ஆகாது.

தமிழ்நாட்டு மலைகளுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அரிவாள் செல் ரத்தசோகை. இந்தியாவில் இதன் கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். இந்த நோயுள்ள பிள்ளைகள் எடை கூடுவதிலும் பருவமடைவதிலும் பின்தங்குவார்கள். பழங்குடிப் பிள்ளை மெலிந்துதான் இருக்கும் என்று பழகிப்போன கண் அதை நோயாகவே பார்க்காது.

கோட்டைப் படிப்பது எப்படி

களத்துக்குப் போகும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள். இவை மருத்துவருக்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் எந்தக் கேள்வியோடு போவது என்பதற்காக.

எடை முதலில் நின்று, பிறகு உயரம் நின்றால், சோறு போதவில்லை அல்லது சோற்றை உடம்பில் ஒட்டவிடாத நோய் இருக்கிறது. இதயக் குறைபாடு, காசநோய், நீண்ட வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் இதில் வரும். எடை சரியாக இருந்து உயரம் மட்டும் நின்றால் தைராய்டு போன்ற சுரப்பிக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். தலைச் சுற்றளவு வேகமாகக் கூடினாலும் கூடாமலே நின்றாலும் உடனே காட்ட வேண்டும்.

எடை ஏறுவது எப்போதும் நல்லது என்று நினைக்கக்கூடாது. நெஃப்ராட்டிக் என்ற சிறுநீரக நோயில் உடம்பில் நீர் கோத்து முகம் வீங்கும். கோடு மேலே போகும், பிள்ளை உள்ளே மெலிந்துகொண்டிருக்கும். அந்த நோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் கொடுத்தால் உயரம் தடைப்படலாம். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. உயரத்தை அளந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கான பெரும்பாலான மருந்துகளின் அளவையும் எடை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால், பழைய எடையைச் சொல்வது ஆபத்து.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரை, எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் நன்றாக வளரும் பிள்ளையின் தாயும் திட்டு வாங்குவார். நிற்க முடியாத பிள்ளையை உயரம் அளக்க முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள நீளத்தை அளந்து உயரத்தைக் கணிக்க முறை இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு. அதற்கு ஒரு அளவு நாடா போதும்.

மலையில் அட்டைக்கு என்ன நடக்கிறது

ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி என்று இந்தக் கீழ்ப்பழனி மலை ஊர்களின் காபியும் மிளகும் மலைவாழையும் சந்தையில் பெயர் பெற்றவை. அவற்றைப் பறிக்கும் பளியர், புலையர், தலித் குடும்பங்கள் தோட்டத்தை ஒட்டியும் காட்டை ஒட்டியும் சிதறிக் கிடக்கின்றன. எடை பார்க்கும் நேரம் கூலிக்குப் போகும் நேரம். அன்று போகாவிட்டால் கூலி இல்லை, போனால் அட்டையில் புள்ளி இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. சிறு சிறு துண்டுகளாக உள்ள தோட்டங்களில் நாள்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அந்தச் சட்டம் எட்டியதில்லை.

2021 முதல் அங்கன்வாடி எடைகள் கைபேசிச் செயலியில் ஏறுகின்றன. சிக்னல் இல்லாத மலையில் ஒரு பணியாளர் அதற்காகப் படும் பாடு நமக்குத் தெரியும். அவரை நாம் எதிரியாகப் பார்க்கவில்லை. ஆனால் தரவு மேலே போகிறது, பதில் கீழே வருவதில்லை. நைஜீரியாவில் தாயின் கைக்கு வந்த அட்டை மீண்டும் அலமாரிக்குப் போய்க்கொண்டிருக்கிறதோ என்று நமக்குச் சந்தேகம் வருகிறது.

உரிமைகள் காகிதத்திலாவது இருக்கின்றன. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். டவுன் சிண்ட்ரோம், பிறவி இதயக் குறைபாடு உட்பட 30 வகைக் குறைகளைத் தேட வேண்டும். கண்டால் இலவசமாக மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். 2022இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டமும் மெலிந்த பிள்ளைக்கு நோய் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும் என்கிறது. நாம் செய்ய வேண்டியது இவற்றைக் கேட்டு வாங்குவது. எங்கள் ஊருக்குக் குழு கடைசியாக எந்தத் தேதியில் வந்தது? எத்தனை பிள்ளைகளை மேலே அனுப்பினீர்கள்? அவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்? பேருந்துச் செலவை யார் கொடுத்தார்? கிராம சபையில் எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் கேளுங்கள்.

அட்டையைப் பார்க்கும்போது முதலில் தாயிடம் கேள்வி கேட்காதீர்கள். நூறாண்டுப் பழக்கம் அது: கோடு சாய்ந்தால் தாயைத் திட்டுவது. கோட்டைத் தாய்க்கு விளக்கிச் சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் போதும், அடுத்த மாதம் அவரே கேட்பார்.

அந்தப் பையனுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. அண்மையில் அவன் அட்டையைப் பார்த்தோம். படுத்துக் கிடந்த கோடு ஏறத் தொடங்கியிருக்கிறது. பச்சைப் பட்டைக்குள் இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கான வரைபடத்தை அச்செடுத்து அவன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். இப்போது இரண்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறார்.

அவன் அக்காவுக்குத் தனி வரைபடம் எதுவும் இல்லை. அவளுக்குரியது அதே பொது வரைபடம், அதே பச்சைக் கோடு. அவளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. அவளுடைய உயரத்துக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.